வாழும் அமெரிக்க நாவலாசிரியர்களில் முதலிடம் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்று வாழும் அமெரிக்க நாவலாசிரியர்களில் தலைசிறந்தவர் யார் என்று தங்கள் இலக்கியப் பக்கத்தில் நடக்கும் விவாதத்தில் பிலிப் ராத், டோனி மாரிசன், கார்மாக் மெக்கார்த்தி ஆகியோர் பெயர்கள் மறுபடி மறுபடி அடிபடுகின்றன. ராத் 2018இல் காலமானார், மாரிசன் 2019இல், மெக்கார்த்தி 2023 ஜூனில். விமர்சகர் ஹெரால்ட் புளூம் 2003இல் ராத், மெக்கார்த்தி, தாமஸ் பிஞ்சன், டான் டெலில்லோ என நால்வரைச் சொன்னார். அந்தப் பட்டியலையே பலரும் இன்னும் ஒப்பிக்கிறார்கள். அதில் இப்போது இருப்பவர்கள் கடைசி இருவர்தான்.

பரிசுகளை எண்ணி முடிவுகட்டலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் புலிட்சர் பரிசில் நடுவர் குழு பரிந்துரை மட்டுமே செய்யும், முடிவெடுப்பது வாரியம். 1974இல் பிஞ்சனின் 'கிராவிட்டீஸ் ரெயின்போ'வை நடுவர்கள் ஒருமனதாகப் பரிந்துரைத்தார்கள். வாரியம் ஏற்கவில்லை, அந்த ஆண்டு புனைவுக்குப் பரிசே இல்லை. 2012இலும் மூன்று நூல்கள் இறுதிக்கு வந்தும் எதற்கும் பரிசு கிடைக்கவில்லை. புனைவுக்காக இப்பரிசை இருமுறை பெற்றவர்கள் நால்வர்: பூத் டார்க்கிங்டன், ஃபாக்னர், அப்டைக், கோல்சன் வைட்ஹெட். இவர்களில் டார்க்கிங்டனை இன்று யார் தேடிப் படிக்கிறார்கள்? பிஞ்சனுக்கும் டெலில்லோவுக்கும் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. நோபலோ, 1993இல் மாரிசனுக்குப் பிறகு எந்த அமெரிக்க நாவலாசிரியருக்கும் வரவில்லை.

வாக்கெடுப்பிலும் வில்லங்கம் உண்டு. 2006இல் நியூயார்க் டைம்ஸ், முந்தைய 25 ஆண்டுகளின் சிறந்த அமெரிக்கப் புனைவு எது என்று எழுத்தாளர்களையும் விமர்சகர்களையும் கேட்டது. ஆளுக்கு ஒரு நூல். மாரிசனின் 'பிலவட்' 15 வாக்குகளில் வென்றது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கு பெற்ற நூல்களில் ராத்தின் நாவல்கள் மட்டும் ஆறு! நூலைக் கேட்காமல் ஆளைக் கேட்டிருந்தால் அவரே வென்றிருப்பார் என்று அந்தப் பத்திரிகையே எழுதியது. நல்ல நாவல்களை நிறைய எழுதியவரின் வாக்குகள் சிதறும், ஒரே ஒரு பெரும் நாவல் தந்தவருக்கு அவை குவியும். 2024இல் அதே பத்திரிகை 503 பேரிடம் இந்நூற்றாண்டின் சிறந்த நூல்களைக் கேட்டபோது, அமெரிக்க நாவல்களில் முதலில் வந்தது எட்வர்ட் பி. ஜோன்ஸின் 'தி நோன் வேர்ல்ட்'. அபாரமான நாவல்தான். ஆனால் அவர் எழுதிய நாவல் அது ஒன்றே. மற்றவை சிறுகதைத் தொகுப்புகள்.

ஆகவே எதை வைத்து அளக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். என் அளவுகோல்: தளராமல், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல், அடுத்தடுத்து எத்தனை நாவல்கள்? இப்படிப் பார்த்தால் டெலில்லோவை மிஞ்ச ஆளில்லை. 1982இல் 'தி நேம்ஸ்', 1985இல் 'ஒயிட் நாய்ஸ்', 1988இல் 'லிப்ரா', 1991இல் 'மாவோ II', 1997இல் 'அண்டர்வேர்ல்ட்'. பதினைந்தே ஆண்டுகளில் ஐந்து. 'லிப்ரா'வில் கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்டின் அத்தியாயங்களுக்கு இடங்களின் பெயர், சதிகாரர்களின் அத்தியாயங்களுக்குத் தேதிகள். இரண்டு இழைகளும் டல்லாஸில் வந்து முடிச்சிடும் விதம் கட்டமைப்புக்குப் பாடம். 'அண்டர்வேர்ல்ட்' 1951 அக்டோபர் 3 அன்று நியூயார்க்கில் நடந்த பேஸ்பால் ஆட்டத்தில் தொடங்குகிறது. வெற்றிப் பந்து கூட்டத்துக்குள் விழும் நாளிலேயே சோவியத் அணுகுண்டுச் சோதனைச் செய்தி, பார்வையாளர் வரிசையில் இருக்கும் எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவரின் காதுக்கு எட்டுகிறது.

குறையும் சொல்லவேண்டும். டெலில்லோவின் பாத்திரங்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுவார்கள். 1997க்குப் பிறகு வந்தவை மெலிந்த நூல்கள். 2020இல் வந்த 'தி சைலன்ஸ்' நூற்றுச் சொச்சம் பக்கம்தான், கனமும் அவ்வளவே.

பிஞ்சனின் சிகரங்கள் இன்னும் உயரமானவை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் 1973க்கும் 1990க்கும் நடுவில் நாவலே இல்லை. அத்தனை ஆண்டு கழித்து வந்த 'வைன்லேண்ட்' அந்தக் காத்திருப்புக்கு ஈடாகவில்லை. 88 வயதில், 2025 அக்டோபரில் 'ஷேடோ டிக்கெட்' வெளியிட்ட தெம்பு வேறு யாருக்கு வரும் என்பது வேறு விஷயம். மரிலின் ராபின்சனுக்கு இடைவெளி இன்னும் நீளம்: 'ஹவுஸ்கீப்பிங்' 1980, 'கிலியட்' 2004. ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் அவருக்கு நிகரில்லை. 'கிலியட்'டில் ஒரு முதிய போதகர் வீட்டிலிருந்து பார்த்த அதே காலத்தை, 'ஹோம்' நாவலில் அவருடைய நண்பரின் வீட்டிலிருந்து காட்டுகிறார். முதல் நாவலில் நாம் நம்பிய தீர்ப்புகள் இரண்டாவதில் ஆட்டம் காண்கின்றன.

'இப்போது யார் மிக நன்றாக எழுதுகிறார்' என்பதுதான் கேள்வி என்றால் அது தனிக் கேள்வி; பதில் பெர்சிவல் எவரெட். இருபதுக்கு மேற்பட்ட நாவல்கள், வடிவத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர். 'ஜேம்ஸ்' நாவலுக்கு 2024இல் தேசியப் புத்தக விருதும் 2025இல் புலிட்சரும் கிடைத்தன. லூயிஸ் எர்ட்ரிச்சின் பெயரை விவாதத்தில் ஒருவர்கூடச் சொல்லாதது அநியாயம்.

வாக்களிக்குமுன் படிக்க நினைப்பவர்கள் பலர் தப்பான நூலில் தொடங்கிப் பாதியில் விடுகிறார்கள். டெலில்லோவை 'ஒயிட் நாய்ஸ்', 'லிப்ரா', பிறகு 'அண்டர்வேர்ல்ட்' என்ற வரிசையில் படியுங்கள். 827 பக்கமுள்ள கடைசி நூல், முன்னுரைப் பகுதி முடிந்ததும் 1992க்குத் தாவி அங்கிருந்து பின்னோக்கிப் போகும்; கதை முன்னே நகரும் என்று காத்திருப்பவர்தான் தொலைந்துபோகிறார். பிஞ்சனுக்குள் நுழைய 'தி கிரையிங் ஆஃப் லாட் 49' போதும், சிறிய நூல். அதை வைத்து அவரை எடைபோட மட்டும் வேண்டாம். அந்த நூலை அவரே பின்னாளில் குறைத்துப் பேசியிருக்கிறார்.

தாங்கள் வாசகர் வாக்கெடுப்பு நடத்துவதானால், நூலைக் கேட்காமல் ஆளைக் கேளுங்கள். ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்தட்டும். முதலிடத்துக்கு 3, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1 மதிப்பெண். முன்மொழியும் ஒவ்வொருவரின் எந்த மூன்று நாவல்களைப் படித்தோம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இந்த விதியால் ஜோன்ஸ் வெளியே போவார்; வருத்தம்தான், ஆனாலும் விதி இருக்கட்டும். என் வரிசை டெலில்லோ, ராபின்சன், எவரெட்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்