அலுமாரியில் கிடக்கும் பிலிம் கமராக்களுக்காக

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை ஸ்டூடியோக்காரர்களுக்கும், இன்று அவற்றை நடத்தும் பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

அடையாள அட்டைப் படமும் கலியாணப் படமும் எடுத்த உங்கள் யஷிகா, பென்டக்ஸ், நிக்கோன் கமராக்கள் தோலுறைக்குள்ளேயே கிடந்து கெடுகின்றன. முதலில் அந்த உறையைக் கழற்றி வேறாக வையுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பூஞ்சணத்துக்கு அதுவே தீனி.

ஈரப்பதன் நெடுநாள் 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சணம் முளைக்கும். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தபின் மேற்குச் சரிவுகளில் எந்த அலுமாரியும் அதற்குக் கீழே இறங்காது. லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் உடனே திருத்துநரிடம் கொடுங்கள். அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சை அரித்து, பின் கண்ணாடியையும் அரிக்கும். அரித்த கண்ணாடியை எவராலும் மீட்க முடியாது.

ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத 10 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி போதும். அதில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரமானியும் வையுங்கள். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். 30க்குக் கீழே போனால் மசகு உலரும், ஒட்டிய தோல் கிளம்பும். செம்மஞ்சள் மணிகள் பச்சையானதும், சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் மெல்லிய சூட்டில் பழைய நிறம் வரும்வரை வறுத்து, ஆறியபின் திரும்பப் போடுங்கள். அரிசி இந்த வேலைக்கு உதவாது. பூச்சி உருண்டையின் ஆவி லென்ஸில் படியும். அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது எல்லாவற்றிலும் மோசம்: புகைக்கரி ஒருபக்கம், சூடும் குளிரும் மாறி மாறி உள்ளே நீர் கோர்ப்பது மறுபக்கம்.

பற்றரியைக் கழற்றுங்கள், கசிந்தால் தொடுமுனைகள் பச்சை பூத்துப் போகும். பென்டக்ஸ் கே1000இல் வெளிச்சம் அளக்கும் மீட்டரை அணைக்க சுவிட்சே இல்லை, லென்ஸ் மூடிதான் அணைக்கும். ஷட்டரை இழுத்துவைத்த நிலையில் விடாதீர்கள், ஸ்பிரிங் தளரும். மாதம் ஒருமுறை ஒரு செக்கன் முதல் உச்சவேகம் வரை ஒவ்வொன்றிலும் சில தடவை இயக்குங்கள். முதலில் இறுகுவது மெதுவேகப் பற்சக்கரங்கள்தான். இறுகினால் எண்ணெய் விடவே வேண்டாம். அது ஷட்டர் இதழ்களுக்குப் பரவி ஒட்டிக்கொள்ளும்.

வெளிச்சம் புகாமல் தடுக்கும் பின்கதவு ஓரத்துப் பஞ்சு இந்த ஈரத்தில் தார் போல உருகும். ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட மரக்குச்சியால் சுரண்டுங்கள். துகள் ஷட்டர் திரையில் விழாதபடி கமராவைச் சாய்த்துப் பிடியுங்கள்.

ஆனால் கதவைத் திறக்குமுன் ஒன்று. 35 மி.மீ. கமராவில் பிலிம் சுருட்டும் கைப்பிடியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது. அடிப்பக்கப் பொத்தானை அழுத்தி, இறுக்கம் விடும்வரை சுருட்டி எடுத்து, கமராவின் பெயரை எழுதி, காற்றுப் புகாத உறையில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கறுப்பு வெள்ளை என்றால் பல வருடம் கடந்தும் உருவம் வரக்கூடும். அது யாரோ ஒரு குடும்பத்தின் படம்.

இப்படிக்கு,
கமரா திருத்தும் சிலர்