பழைய மருந்துகள்: இந்த ஞாயிறு சேகரிப்பு

அஸ்தம்பட்டி குடியிருப்பு உறவுகளுக்கு வணக்கம். போன வாரம் எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால், தேதி முடிந்த காய்ச்சல் சிரப் பேத்தியின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது, பதறிவிட்டேன். ஞாயிறு காலை 10 முதல் 12 வரை கீழ்த்தள வாசலில் பெட்டி வைக்கிறோம்.

1. தேதி முடிந்தது, மிச்சமானது எல்லாம் கொண்டு வாருங்கள்.
2. சீட்டு, லேபிளில் உள்ள பெயரைக் கிழித்துவிடுங்கள்.
3. இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மூடித் தனியாகத் தாருங்கள், தூய்மைப் பணியாளர் கையில் குத்திவிடக்கூடாது.
4. சிங்க்கிலோ கழிப்பறையிலோ கொட்ட வேண்டாம். சாக்கடை வழியாகத் திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகும், ஆன்டிபயாடிக் தண்ணீரில் கலந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும்.
5. இன்ஹேலரை எரிக்காதீர்கள், வெடிக்கும்.

திடக்கழிவு விதிகளின்படி இவை தனியாகப் பிரித்துத் தர வேண்டிய கழிவு, அதனால் தனியாகவே மாநகராட்சியிடம் ஒப்படைப்போம். அப்புறம், மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். வருபவர்கள் சனி இரவுக்குள் வீட்டு எண்ணைப் பதிவிடுங்கள்.