உங்க அண்ணனுக்கு மட்டும் ஏன் சுகர் இல்லை?

மதுரை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் போன வாரமே வந்தது. லேபில் இரண்டு பேர் லீவு, இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததைப் படித்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கோயம்புத்தூர் என்றால் வாராவாரம் வந்துவிடுவாள், கவலைப்படாதே.

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 7.1 என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே ஒரு பக்கம் முழுக்க அண்ணனைப் பற்றியே பொருமியிருக்கிறாய். 'என்னைவிட இருபது கிலோ கூட, பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்கிற ஆள், அவனுக்கு ஒன்றுமில்லை, எனக்கு மட்டும் ஏன்?' சிரிப்பு வந்தாலும் கேள்வி நல்ல கேள்விடி. டாக்டர்களே ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி.

நேற்று லேபில் நான் வெட்டிய ஒரு பிளாக்கைப் பற்றிச் சொல்கிறேன். பிளாக் என்றால், மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்காக மெழுகில் புதைத்த சதைத் துண்டு. யாருடையது என்று தெரியாது, எங்களுக்கு எண் மட்டும்தான் வரும். குடலுக்கு முன்னால் முந்தானை மாதிரித் தொங்குமே ஒரு கொழுப்புத் திரை, அதிலிருந்து எடுத்த துண்டு. கொழுப்பை மெழுகில் வைத்து வெட்டுவது சள்ளை பிடித்த வேலை. சரியாகப் பதப்படாவிட்டால் பிளேடு பட்டதும் பொலபொலவென்று உதிரும். சைலீன் என்ற கரைப்பானில் போடும்போது எண்ணெயெல்லாம் கரைந்துபோய், கடைசியில் கண்ணாடியில் நிற்பது வெறும் வளையங்கள்தான், தேனை வடித்த அடை மாதிரி. அதில் ஒரு வளையத்தைச் சுற்றி மட்டும் ஊதாப் புள்ளிகள் நெருக்கமாக மொய்த்திருந்தன. அந்த வளையம் செத்த கொழுப்பு செல். மொய்ப்பவை மேக்ரோபேஜ்கள், குப்பையை விழுங்கித் தின்னும் நம் எதிர்ப்புப் படை. புத்தகத்தில் இதைக் கிரீடம் என்பார்கள். என் கண்ணுக்கு, சிந்திய பாகில் எறும்பு ஏறினதாகத்தான் தெரிகிறது.

உன் கேள்விக்குப் பதில் அந்த எறும்புகளிடம்தான் இருக்கிறது. கொழுப்பு செல் அளவுக்கு மீறி உப்பினால் திணறுகிறது, சில செத்தும் போகின்றன. சுத்தம் செய்ய வருகிற படை வேலை முடிந்து திரும்பாமல் அங்கேயே டேரா போட்டு, அழற்சியை மூட்டும் சரக்குகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதில் டிஎன்எஃப் என்று ஒன்று. பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்தே அது சுரக்கிறது, அதைத் தடுத்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது என்று 1993இல் அமெரிக்காவில் ஹோட்டாமிஸ்லிகில் என்ற துருக்கிக்காரரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். டிஎன்எஃப் இருக்கும் இடத்தில் இன்சுலின் சொல்வது செல்லின் காதில் ஏறாது. பத்து வருஷம் கழித்து, 2003இல், இந்தப் படையை எண்ணியே பார்த்துவிட்டார்கள். மெலிந்தவர்களின் கொழுப்பில் நூறு செல்லுக்குப் பத்துகூட இல்லாத மேக்ரோபேஜ், மிகவும் பருத்தவர்களிடம் நாற்பதை நெருங்குகிறது.

ஆனால் எல்லாப் பருமனிலும் இப்படி இல்லை, உன் அண்ணன் வருகிற இடம் இதுதான். 2010இல் ஜெர்மனியில் லைப்சிக் ஆராய்ச்சியாளர்கள், எடை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தவர்களை, இன்சுலின் ஒழுங்காக வேலை செய்பவர்கள், செய்யாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் கூட்டத்துக்கு வயிற்றுக்குள் கொழுப்பு குறைவு, அந்த முந்தானைக் கொழுப்பில் மேக்ரோபேஜும் குறைவு. அண்ணனுக்குத் தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கடியில் தங்கியிருக்கலாம். உனக்குச் சேர்ந்த இடம் வயிற்றுக்குள்ளே இருக்கலாம், அங்கிருந்து வரும் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகும். அவரும் தப்பித்தார் என்று எழுதிக் கொடுக்க முடியாது, இந்த ரகத்தில் பலர் சில வருஷத்தில் வரிசையில் வந்து நிற்பார்கள். வருஷா வருஷம் ரத்தம் பார்க்கச் சொல்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது கூடுதல் வம்பு. புனேயின் டாக்டர் யாக்னிக், தன் லண்டன் நண்பர் யுட்கினோடு நின்று எடுத்த படம் ஒன்று 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3. உடல் கொழுப்போ, வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், இவருக்கு 21.2. பார்த்தால் இருவரும் ஒல்லி!

இப்போது திட்டப் போகிறேன். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி என்று மாதம் எழுநூறு ரூபாய்க்கு வாங்குகிறாயாமே? உனக்குள் படை ஏற்கெனவே வேண்டாத இடத்தில் கத்தி சுழற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு இன்னும் கள் வாங்கி ஊற்றுவானேன்?

அப்படியானால் படையை அடக்கும் மருந்து போதுமா என்று உடனே கேட்பாய், உன்னைத் தெரியாதா. 1876இலேயே ஜெர்மனியில் எப்ஸ்டைன் என்ற டாக்டர் ஆஸ்பிரின் வகையறாவான சாலிசிலேட்டை நிறையக் கொடுத்து, சிறுநீரில் சர்க்கரை குறைவதைப் பார்த்தார். 2013இல் அதே குடும்பத்து மருந்து ஒன்றை ஒழுங்காகச் சோதித்தபோது மூன்று மாதச் சராசரி 0.37 மட்டும் இறங்கியது, சிறுநீரில் புரதம் கொஞ்சம் ஏறியது. எலியில் வேலை செய்த டிஎன்எஃப் தடுப்பும் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கைகொடுக்கவில்லை. எனவே தலைவலி மாத்திரையை எடுத்து நீயாக ஏதும் செய்து வைக்காதே. டாக்டர் கொடுத்ததை விடாமல் போடு. சர்க்கரை வந்து அதிக வருஷம் ஆகாதவர்களை வைத்துப் பிரிட்டனில் நடத்திய ஒரு சோதனையில், 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் பத்துக்கு எட்டு பேருக்கு மேல் ஒரு வருஷத்தில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை அடங்கியிருந்தது. 15 கிலோ என்பது விளையாட்டில்லை, எனக்கும் தெரியும். போன வருஷம் நாலு கிலோ இறக்கி, தீபாவளிக்கு மூன்றை வாங்கிக்கொண்டவள் நான்.

மறு கடிதத்தில் இடுப்பளவு எழுது. தையல் டேப் போதும், தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்டபின். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. கொசுவத்துக்கு மேலே வைத்து அளந்துவிட்டு டேப் பொய் சொல்கிறது என்று எழுதாதே.

உன்,
சாந்தி