குழந்தையை அழைத்துவர வெளிநாடு போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

தத்தெடுப்பு ஏஜென்சியில் பதிவு செய்தாகிவிட்டது, டிக்கெட்டும் விடுமுறையும் எப்போது போடலாம் என்று கேட்டிருந்தாய். இரண்டையும் கடைசிக்குத் தள்ளிவை. வெளிநாட்டுத் தத்தெடுப்பில் சிக்கிக்கொள்ளும் குடும்பங்கள் பெரும்பாலும் வேலைகளின் வரிசை மாறியதால்தான் சிக்குகின்றன. அதற்கு விலை கொடுப்பது குழந்தை.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் நாடும் குழந்தையின் நாடும் 1993ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் (நாடுகளுக்கிடையேயான தத்தெடுப்புக்கு விதி வகுக்கும் ஒப்பந்தம்) இருக்கின்றனவா என்பது. இருந்தால், இரு நாட்டு மத்திய அமைப்புகளும் (தத்தெடுப்பைக் கவனிக்க அந்தந்த நாடு நியமித்த அலுவலகங்கள்) 'இந்தத் தத்தெடுப்பு நடக்கலாம்' என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் குழந்தையை உங்களிடம் ஒப்படைக்க முடியும். குழந்தை உங்கள் நாட்டுக்குள் வந்து நிரந்தரமாக வாழ அனுமதி உண்டு என்பதும் அதற்கு முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். ஏஜென்சி வாயால் சொல்வதை வைத்துக் கிளம்பாதே, அந்த ஒப்புதல் கடிதத்தைக் கண்ணால் பார். அது இல்லாமல் போய் அங்கே நீதிமன்ற ஆணை வாங்கிவிட்டால், அந்த நாட்டுச் சட்டப்படி குழந்தை உங்களுடையது, ஆனால் விமானம் ஏற்ற விசா கிடைக்காது. கணவன் வேலைக்குத் திரும்ப, மனைவி குழந்தையோடு மாதக்கணக்கில் வாடகை அறையில் காத்திருக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. அந்த நாடு உடன்படிக்கையில் இல்லையென்றால், உங்கள் குடிவரவுத் துறையிடம் நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்காமல் அடுத்த அடி வைக்காதே.

வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு நாடுகள் கதவை மூடுவதும் உண்டு. குவாதமாலா 2008இல் நிறுத்தியது, எத்தியோப்பியா 2018இல் தடை செய்தது. 2024இல் சீனா நிறுத்தியபோது, குழந்தை ஒதுக்கப்பட்டுக் காத்திருந்த குடும்பங்களின் கோப்புகளும் நின்றுபோயின. அதனால் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதே. எந்தக் கட்டத்தில் எவ்வளவு, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். செலவும் நியாயமான தொழில்முறைக் கட்டணமும் தவிர வேறு எதையும் யாரும் வாங்க உடன்படிக்கை இடம் தரவில்லை. அங்கே போன பிறகு 'நன்கொடை' என்று யாராவது ரொக்கம் கேட்டால், கட்டண அட்டவணையில் அது எங்கே இருக்கிறது என்று கேள்.

காகிதங்களில் நேரத்தைத் தின்பது பெயரும் தேதியும். பாஸ்போர்ட், திருமணச் சான்று, போலீஸ் சான்று, ஹோம் ஸ்டடி அறிக்கை (உங்கள் வீட்டையும் குடும்பத்தையும் ஆய்ந்து எழுதுவது) எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் இனிஷியலும் மற்றொன்றில் முழுப் பெயருமாக இருந்தாலே கோப்பு திரும்பி வரும். மருத்துவச் சான்றும் போலீஸ் சான்றும் சீக்கிரம் காலாவதியாகும், பல இடங்களில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்தான். ஆகவே மற்றவற்றை முடித்துவிட்டு அவற்றைக் கடைசியாக எடு. அந்த நாடு அப்போஸ்டிலை (வெளிநாட்டில் ஆவணம் செல்லுபடியாக நம் அரசு வைக்கும் சான்று முத்திரை) ஏற்குமா, தூதரக முத்திரை வேண்டுமா என்று கேட்டுக்கொள். அப்போஸ்டில் போட்ட பிறகு மொழிபெயர்த்தால் அந்த முத்திரையும் சேர்ந்து மொழிபெயர்க்கப்படும். நகல் எடுப்பதற்காக அதன் ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றிவிடாதே, பிரித்து ஒட்டிய ஆவணத்தைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை.

குழந்தையின் கோப்பு வரும் நாளில் முகத்தைப் பார்த்ததுமே மனம் உருகிவிடும், அது இயல்பு. ஆனாலும் தாயின் சம்மதக் கடிதத்தில் உள்ள தேதியைப் பார். குழந்தை பிறந்த பிறகுதான் தாய் சம்மதம் தரலாம், அதுவும் பணம் வாங்காமல், எழுத்து வடிவில். பிறப்புக்கு முந்தைய தேதி இருந்தாலோ, குழந்தை கிடைத்த இடம் ஒரு தாளில் ஒன்றாகவும் மற்றொன்றில் வேறாகவும் இருந்தாலோ அங்கேயே நிறுத்திக் கேள். ஒரு தாயிடமிருந்து பறிக்கப்பட்ட குழந்தையாக அது இருந்துவிடக் கூடாது என்பதற்கு உன்னிடம் இருக்கும் சான்று இந்தத் தாள்கள்தான். கேட்டால் தாமதமாகும், தாமதமாகட்டும்.

மருத்துவ விவரங்களைத் தத்தெடுப்புக் கோப்புகள் பார்த்துப் பழகிய குழந்தைநல மருத்துவரிடம் காட்டு. எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றும் தேதிகளோடு வேண்டும். காப்பகத்தில் கழித்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் உயரத்தில் சுமார் ஒரு மாத வளர்ச்சி பின்தங்கும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. எடை நல்ல உணவில் தேறிவிடும். தலை வளராமல் நின்றிருந்தால் காரணம் தேட வேண்டும். எச்.ஐ.வி. 'பாசிட்டிவ்' என்று இருந்தால் அதை வைத்து முடிவெடுக்காதே. சாதாரணச் சோதனை காட்டுவது எதிர்ப்புப் பொருளைத்தான் (ஆன்டிபாடி), தாயிடமிருந்து வந்த அது குழந்தையின் இரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கலாம். வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தார்களா என்று கேள். நீங்கள் இருவரும், வீட்டில் குழந்தையைத் தூக்கப்போகிறவர்களும், குழந்தை வருவதற்கு இரண்டு வாரம் முன்பாவது ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா என்றும் அந்த மருத்துவரிடமே கேட்டுவிடு.

பச்சிளம் குழந்தை கிடைக்கும் என்று எண்ணிப் பெட்டி கட்டாதே. காகிதங்கள் நகர்வதற்குள் குழந்தை பெரும்பாலும் ஒரு வயதையாவது நெருங்கியிருக்கும், உடல் அளவோ அதைவிடச் சிறியதாக இருக்கும். உடையை வயதுக்கு ஒரு அளவு குறைத்தும், டயப்பரை எடை பார்த்தும் வாங்கு.

காப்பகத்தில் என்ன பால் என்று பெயரோடு கேட்டு, முதல் வாரம் அதையே கொடு. பிறகு மாற்ற வேண்டுமானால் முதலில் நாலில் ஒரு பங்கு புதிய பால், இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதிப் பாதி என்று ஏற்று. பவுடரைக் கலக்கும்போது கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது, கலக்கிய பின் ஆறவிடு. பாட்டிலைத் தட்டிவிட்டால் பசியில்லை என்று நினைக்காதே. பல காப்பகங்களில் வேலை சீக்கிரம் முடிய நிப்பிளின் ஓட்டையைப் பெரிதாக வெட்டிவிடுவார்கள். வேகமாக வந்து பழகிய பால் மெதுவாக வந்தால் குழந்தை சலித்து அழும். வெவ்வேறு அளவு ஓட்டையுள்ள நிப்பிள்களைக் கொண்டுபோ. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கட்டாயம். பேதியானால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறைக்கும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால். ஆறு மணி நேரம் டயப்பர் நனையாமல், அழுதும் கண்ணீர் வராமல் இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடு.

அழாமல், சிரிக்காமல், மரத்துப்போனதுபோல் சில நாள் கிடக்கும் குழந்தைகள் உண்டு. பழகிய வாசனை, குரல், கட்டில் எல்லாம் ஒரே நாளில் போய்விட்ட துக்கம் அது. காப்பகத்தில் படுத்திருந்த துணியைத் துவைக்காமல் கேட்டு வாங்கு. முதல் வாரங்களில் ஊட்டுவதும் தூங்கவைப்பதும் நீங்கள் இருவர் மட்டும் செய்யுங்கள்.

அங்கே இருக்கும்போதே குழந்தையின் முதல் பெயர், அதை யார் வைத்தார்கள், யார் வளர்த்தார்கள், எங்கே எந்த நிலையில் கிடைத்தது என்று எல்லாவற்றையும் கேட்டு எழுது. கட்டடத்தையும், அனுமதித்தால் பராமரித்தவர்களையும் படம் எடு. பிறப்பு விவரங்களைப் பாதுகாக்க வேண்டியது அரசின் கடமைதான். ஆனால் காப்பகம் மூடப்படும், பதிவேடு தொலையும். இருபது வருடம் கழித்து உன் பிள்ளை கேட்கும்போது உன் நோட்டு மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.

கிளம்பும் முன் தீர்ப்பின் சான்றளித்த நகல்கள் ஐந்தாறு வாங்கு. ஹேக் நாடு என்றால், தத்தெடுப்பு உடன்படிக்கைப்படி நடந்தது என்று அதன் 23ஆம் பிரிவின் கீழ் தரும் சான்றிதழையும் வாங்கு. தீர்ப்பு, புதிய பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், விசா நான்கிலும் பெயரையும் பிறந்த தேதியையும் கவுன்டரைவிட்டு நகரும் முன் ஒப்பிடு. அந்த ஆணை முழுத் தத்தெடுப்பா, வெறும் காப்பாளர் உரிமையா என்பதையும் பார். காப்பாளர் உரிமை என்றால் உங்கள் நாட்டிலும் வழக்கு நடத்த வேண்டியிருக்கும்.

வீடு வந்த இரண்டு வாரத்துக்குள் முழு மருத்துவப் பரிசோதனை செய்துவிடு. காசநோய்ச் சோதனையை மூன்று முதல் ஆறு மாதம் கழித்து மறுபடியும் செய். குடியுரிமை தானாக வந்திருக்கும் என்று நம்பாமல் சான்றிதழைக் கையில் வாங்கு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை தந்தது, ஆனால் 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயது நிறைந்திருந்தவர்களைச் சேர்க்கவில்லை. பெற்றோர் விண்ணப்பிக்காமல் விட்டதால், வளர்ந்த பிறகு நாடுகடத்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

குழந்தை எப்படி இருக்கிறது என்று குழந்தையின் நாடு கேட்கும் பின்தொடர் அறிக்கைகளின் தேதிகளை இப்போதே காலண்டரில் குறித்துவை. ஒரு குடும்பம் அனுப்பாமல் விட்டால் அடுத்து வரிசையில் நிற்கும் குடும்பங்களின் கோப்பு தேங்கக்கூடும். ஏஜென்சியின் ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்பு, கட்டணப் பக்கத்தைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா