ஃபில்டரை அறுத்துப் பார், அப்புறம் பேசலாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் முடிந்து 500 கிலோமீட்டர்கூட ஓடாத உன் புரோட்டான் வீரா காரின் என்ஜின் எண்ணெயில் வெள்ளிப்பொடி தூவியதுபோல மினுமினுப்பு. பட்டறைக்காரர் "புது என்ஜின், அப்படித்தான் இருக்கும்" என்றாராம். உன் கூட வேலை செய்பவரோ "பேரிங் போச்சு, என்ஜினை இறக்கிடு" என்றாராம். இரண்டு பேரும் எண்ணெயை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். எண்ணெய் ஃபில்டரை அறுத்துப் பார்க்கும்வரை வண்டியை எடுக்காதே, என்ஜினைப் பிரிக்கவும் விடாதே.

பட்டறைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, கல்லால் தேய்த்து ஹோனிங் போட்டால் சிலிண்டர் சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகளின் கூர்முனைகளைத் தேய்த்துத்தான் பிஸ்டனின் புது ரிங் தனக்கு இடம் பிடிக்கும். தேய்ந்தது எல்லாம் எண்ணெயில்தான் இறங்க வேண்டும். வீராவின் பிளாக் வார்ப்பிரும்பு, அதனால் அந்தப் பொடியும் பெரும்பாலும் இரும்பு. வெயிலில் மின்னும், ஆனால் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் கையில் தட்டுப்படாது. முதல் எண்ணெயைச் சீக்கிரம் வடித்துவிடுவது இதற்காகத்தான்.

கையில் தட்டுப்பட்டால் கதை வேறு.

இனி நீ செய்ய வேண்டியது. எண்ணெயை வடிக்கும்போது பழைய ஃபில்டரைத் தூக்கி எறிய விடாதே, கேட்டு வாங்கிக்கொள். இரும்பு ரம்பத்தால் அறுக்கக் கூடாது. ரம்பத்தின் தூளே உள்ளே விழுந்துவிடும், அப்புறம் எது என்ஜினுடையது, எது ரம்பத்துடையது என்று தெரியாது. ஃபில்டர் கட்டர் என்று தனியாக ஒரு கருவி இருக்கிறது, கேஎல்லில் சான் சோ லின் ரோட்டுப் பக்கம் கேட்டுப் பார். உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை வெட்டி எடுத்து, துணியில் சுற்றி வைஸில் வைத்து இறுக்கி எண்ணெயைப் பிழிந்துவிடு. பிறகு வெயிலில் விரித்து மடிப்பு மடிப்பாகப் பார். வடித்த எண்ணெயை மட்டும் பார்த்தால் பெரிய துகள் கண்ணில் படாது, அது தாளில்தான் மாட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு பிளாஸ்டிக் பைக்குள் காந்தத்தை வைத்துத் தாளின்மேல் மெதுவாக ஓட்டு. ஒட்டியது இரும்பு: ரிங், சிலிண்டர் சுவர், வால்வைத் திறக்கும் கேம், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு, இவற்றில் ஒன்றிலிருந்து வந்தது. நைசான பொடியாக ஒட்டினால் கவலை இல்லை. ஊசி மாதிரியோ செதிலாகவோ ஒட்டினால் கேம் கவரைக் கழற்றி கேமின் மேடான லோப்களையும், அவை தள்ளும் ராக்கர்களையும் பார்க்கச் சொல்.

ஒட்டாமல் வெள்ளையாக மின்னுவது பெரும்பாலும் அலுமினியம். பிஸ்டனின் பக்கவாட்டிலிருந்து வரலாம், ஆயில் பம்பின் கூட்டிலிருந்தும் வரலாம். கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளில் சிலவும் அலுமினியத்தோடு வெள்ளீயம் கலந்து செய்தவைதான். சாம்பல் நிறத்தில், நகத்தால் அழுத்தினால் நசுங்குவது பேரிங்கின் மேல்பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் மட்டும் உடனே எனக்குப் போன் பண்ணு, நடுராத்திரி ஆனாலும் சரி. செம்பு-ஈய பேரிங்கில் மேலே மெல்லிய பூச்சு, அதற்குக் கீழே செம்பு, அடியில் எஃகு. செம்பு வெளியே வருகிறது என்றால் பூச்சு முழுவதும் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் ஸ்டார்ட்கூடப் பண்ணாதே. இழுவை வண்டிக்குக் கொடுக்கும் காசு கிராங்கைத் திரும்ப அரைக்கும் காசைவிடக் குறைவு.

புது பேரிங் இவ்வளவு சீக்கிரம் ஏன் போகிறது என்று கேட்பாய். இத்தனை வருஷம் பட்டர்வொர்த் பக்கத்துப் பிறை ஊரில் லாரிப் பட்டறையில் நின்றவன் சொல்கிறேன்: முக்கால்வாசி, கழுவாத குற்றம். ஹோனிங் கல்லின் தூள் சிலிண்டர் சுவரின் கோடுகளுக்குள் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் ஊற்றித் துடைத்தால் எண்ணெய்தான் போகும், தூள் போகாது. சோப்பும் சுடுதண்ணீரும் போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை. பிளாக்கின் எண்ணெய் வழிகளில் இருக்கும் அடைப்பு பிளக்குகளையும் கழற்றிக் கழுவ வேண்டும். அவசரப் பட்டறைகளில் இதற்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை, பில்லில் இதற்கென்று தனியாக எதுவும் எழுதுவதில்லை அல்லவா? கழுவினீர்களா, எதில் கழுவினீர்கள் என்று நேராகக் கேள். ஒழுங்காக வேலை செய்த ஃபோர்மேன் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லேபுக்கு எண்ணெய் அனுப்பலாமா என்று எழுதியிருந்தாய். அனுப்பு, ஆனால் அதை மட்டும் நம்பாதே. வழக்கமான ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை சில மைக்ரான் அளவுள்ள துகளைத்தான் சரியாகக் கணக்கெடுக்கும். பெரிய செதில் அதில் சிக்காது. ரிப்போர்ட் சுத்தமாக வந்து, ஃபில்டரில் செதில் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

டேஷ்போர்டின் எண்ணெய் விளக்கையும் நம்பாதே, அழுத்தம் ரொம்பக் கீழே போன பிறகுதான் அது எரியும். தாள் சுத்தமாக இருந்தால், புது எண்ணெய் ஊற்றி, ஆயில் சுவிட்சைக் கழற்றிய இடத்தில் ஒரு மெக்கானிக்கல் மீட்டர் போடச் சொல். என்ஜின் நன்றாகச் சூடானபின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று வேகத்துக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ எண்ணெய் அழுத்தம் என்பது பழைய கைக்கணக்கு. உன் வண்டி மேனுவல் கியர், அதனால் இன்னொன்றும் பார்த்துவிடு: என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல், நீ முன்பக்கத்து கிராங்க் புல்லியைக் கவனி. முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசைந்தால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங்கில் கோளாறு.

எல்லாம் சரியாக இருந்தால் பட்டறைக்காரர் சொன்னபடியே ஓட்டு. 1000 கிலோமீட்டரில் திரும்ப வடித்து, அந்த ஃபில்டரையும் அறுத்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டாவதில் பொடி குறைந்திருக்க வேண்டும். செதில் கிடைத்தால் அதை ஒரு டப்பாவில் போட்டு, கிலோமீட்டரும் தேதியும் எழுதி வை. வாரண்டி பேசும்போது வாய்ப்பேச்சு எடுபடாது, டப்பா எடுபடும்.

தீபாவளிக்கு இந்த வண்டியில் பட்டர்வொர்த் வரை வர வேண்டாம். ஹைவேயில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடுவது புது ரிங்குக்கும் ஆகாது, எனக்கும் நிம்மதி இருக்காது. கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறிவிடு, ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். டிக்கெட்டை இப்போதே எடு, பண்டிகை நெருங்கினால் கிடைக்காது. வரும்போது அந்த ஃபில்டர் தாளையும் பையில் போட்டுக் கொண்டு வா, நானும் கண்ணால் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா