பழைய ஹவானா சுருட்டுகள்: சனிக்கிழமைச் சந்திப்பு

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஜனவரி 10, சனிக்கிழமை மாலை 5 மணிக்கு, நம் வகுப்புத் தோழர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில், பழைய ஹவானா சுருட்டுகளைச் சுவைத்து, அவற்றைச் செய்தவர்களின் வரலாற்றைப் பேசவிருக்கிறோம். 1844இல் தொடங்கிய எச். உப்மான், 1845இல் தொடங்கிய பார்த்தகாஸ் ஆகிய கியூபச் சுருட்டு நிறுவனங்களைப் பற்றியே பேச்சு அதிகம் இருக்கும். 1960 செப்டம்பரில் கியூப அரசு சுருட்டு ஆலைகளை நாட்டுடைமையாக்கியபின், அந்த ஆலைகளின் உரிமையாளர்களான மெனெந்தெஸ், கார்சியா, சிஃபுயெந்தெஸ் குடும்பத்தார் நாட்டைவிட்டு வெளியேறி, வேற்று மண்ணில் அதே தொழிலை மீண்டும் நடத்தினார்கள். அந்தக் கதை சுருட்டின் மணத்தைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

பெட்டியின் அடிப்பக்க முத்திரையையும் பார்ப்போம். 'தோத்தால்மென்தே ஆ மானோ' (முழுக்கக் கையால் செய்தது) என்ற சொற்கள் 1989இல்தான் சேர்க்கப்பட்டன. அவை பொறித்த பெட்டியை அதற்கும் பழையது என்று யார் விற்றாலும் வாங்க வேண்டாம்.

1. வருவோர் புதன்கிழமை இரவுக்குள் இங்கேயே பெயரைப் பதிவிடவும்.
2. வெறும் வயிற்றோடு வர வேண்டாம். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிகோட்டின் தலைசுற்றலைத் தரும்.
3. அத்தர், சென்ட் பூசாமல் வரவும். பழைய இலையின் மணம் மிக மெல்லியது.
4. பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம்.
5. புகைக்காதவர்கள் பேச்சுக்கு மட்டும் தாராளமாக வரலாம்; பதிலில் அதைக் குறிப்பிடவும்.