ஒரே குக்கருக்கு இரண்டு கொள்முதல் விலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பண்டிகைக் கால ஆன்லைன் விற்பனை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வாங்குகிறவருக்கு எவ்வளவு மிச்சம் என்று விரிவாக எழுதியிருந்தீர்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் கணக்கையும் வாசகர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய சந்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை.

போன ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம், பேட்டையிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பல வருஷமாக எங்களிடம் வாங்குகிறவர். கட்டைப்பையிலிருந்து ஐந்து லிட்டர் குக்கர், தூக்குச்சட்டி, டிபன் கேரியர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாம் ஆன்லைனில் வாங்கியது. "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. இவ பேரும் மாப்பிள்ளை பேரும் மட்டும் வெட்டித் தாங்க" என்றார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

பேர் வெட்டிக் கொடுத்தோம். எனக்கு அவர் மேல் வருத்தமே இல்லை. கல்யாணச் செலவைக் கட்டுப்படுத்தத் திண்டாடும் தாய், குறைவாகக் கிடைக்கும் இடத்தில்தான் வாங்குவார். ஆனால் அவர் காட்டிய குக்கர் பில்லைப் பார்த்ததும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே கம்பெனி, அதே மாடல். நான் டீலரிடம் எடுத்த விலையைவிட 140 ரூபாய் குறைவாக அது அவர் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. ஒரு பைசா லாபம் வேண்டாம் என்று நான் கொடுத்திருந்தாலும் அந்த விலைக்கு வராது. டீலரைக் கேட்டேன். "மேலருந்து வார ரேட்டு அண்ணாச்சி, நான் என்ன செய்ய முடியும்?" என்கிறார். அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

திறமையில் போட்டி என்றால் சந்தோஷமாகப் போட்டி போடுவேன். அதே பொருளை எனக்கு ஒரு விலைக்கும் அவர்களுக்கு வேறு விலைக்கும் கொடுத்துவிட்டு, "நீயும் காலத்துக்கு ஏற்ப மாறு" என்று சொன்னால் எப்படி மாறுவது?

சட்டம் இதைக் கவனிக்கவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அந்நிய முதலீடு பெற்ற ஆன்லைன் சந்தை நிறுவனங்கள், பொருளின் விற்பனை விலையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தலையிடக் கூடாது என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது. தாங்கள் பங்கு வைத்திருக்கும் விற்பனையாளரின் சரக்கைத் தங்கள் தளத்தில் விற்கவும் கூடாது. 2019 பிப்ரவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. செல்போன் விற்பனை தொடர்பாக அமேசான், ஃபிளிப்கார்ட் மீது விசாரணை நடத்த, வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. அதன் பிறகு எத்தனை தீபாவளி போய்விட்டது! குக்கருக்கும் இட்லிப் பானைக்கும் யார் விசாரணை கேட்பது?

வரி விஷயத்திலும் அடி எங்களுக்குத்தான். நான் ஜிஎஸ்டியில் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடிக்குள் இருக்கும் வியாபாரி 1 சதவீதம் வரி கட்டினால் போதும். சிறு கடைக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 2025 செப்டம்பர் 22-ல் பாத்திரங்களுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது, தீபாவளிக்காக 12 சதவீதம் கட்டி எடுத்த சரக்கு பரண் வரை அடுக்கி இருந்தது. வரி குறைந்தது நல்லதுதான். மறுநாள் காலையிலேயே செல்போனை நீட்டி "விலை குறைஞ்சுட்டுல்லா?" என்று கேட்டவர்களுக்கு நான் கைக்காசு போட்டுத்தான் குறைத்துக் கொடுத்தேன்.

முன்பு கடையில் நாலு பேர் வேலை பார்த்தார்கள். இப்போது இரண்டு பேர். பேர் வெட்டுகிற தம்பி முகூர்த்த வாரத்தில் மட்டும் வருகிறார். மற்ற நாட்களில் ஆட்டோ ஓட்டுகிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கே வாங்கிய குக்கராக இருந்தாலும் வாசர் தளர்ந்தால், விசில் அடிக்காவிட்டால், கைப்பிடி ஆடினால் எங்கள் சந்துக்குத்தான் வருகிறது. பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுப் பானை கொடுக்கிறோம். கட்டிக்கொடுத்த மகளுக்குத் தலைப்பொங்கல்படி கொண்டுபோகிறவர்கள், "பானையை இப்பத் தாங்க, மிச்சத்த நெல்லு போட்டுட்டுத் தாரேன்" என்பார்கள், நோட்டில் எழுதிக்கொள்வோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் ஏறியபோது, மீனாட்சிபுரம் பக்கத்து வாடிக்கையாளர்கள் சிலர் உலைவைக்கச் சட்டி இல்லாமல் வந்தார்கள். அன்று யாரிடமும் பணம் கேட்கவில்லை. பெரும்பாலோர் பிறகு தேடி வந்து கொடுத்துவிட்டார்கள்.

ஆன்லைனைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரே அளவு சரக்கு எடுக்கிறவர்களுக்கு ஒரே விலை என்று கம்பெனிகள் எழுத்தில் தர வேண்டும். நாங்கள் ஒரு கடைக்கு இரண்டு பெட்டிதான் எடுக்கிறோம் என்று கம்பெனிகள் சொன்னால், டவுன் கடைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து மொத்தமாக எடுக்கத் தயார்; அதற்காவது அந்த விலையைத் தரட்டும். எங்கள் எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் இதைக் கம்பெனிகளிடமும் அரசிடமும் கேட்க வேண்டும். தங்கள் நிருபர் ஒருநாள் கடைத்தெருவுக்கு வந்தால், பில்களை எடுத்துக் காட்டுவேன்.

கூடவே, காம்போசிஷனில் இருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது என்ற விதியை ஜிஎஸ்டி கவுன்சில் தளர்த்த வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து நாங்களும் ஆன்லைன் தளத்தில் விற்கலாம், ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும். எங்களுக்கோ சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். அங்கிருந்து ஒருவர் மாதம் தவறாமல் வாட்ஸ்அப்பில் வெண்கல உருளியின் படத்தை அனுப்பி, "பார்சல் போடுவீங்களா?" என்று கேட்கிறார். ரயில் ஏறி நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானும் மாதம் தவறாமல் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பாத்திரக்கடைக்காரர் ஒருவர்,
திருநெல்வேலி டவுன்